தலைக்கு ஊற்றிய நாள்

“நாள் தள்ளிப் போச்சுங்க நர்சம்மா” என்று வந்து நிற்கும் பெண்ணிடம் கடைசியாக எப்போது தீட்டானாய் என்று கேட்டால், தேதி சொல்பவர்கள் குறைவு. “மாரியாத்தா கோயில்ல கம்பம் நட்டாங்கல்ல, அதுக்கு மறுநாளுங்க” என்பார்கள். “சின்னவனுக்கு மொட்டை போட்ட வாரம்” என்பார்கள். துணை சுகாதார நிலையத்தின் சுவரில் தொங்கும் காலண்டரை இறக்கி வைத்துக்கொண்டு, அமாவாசையிலிருந்து நாள் நாளாகப் பின்னால் எண்ணிப் போவேன். கிராம சுகாதார செவிலியராக இத்தனை காலமும் நான் அதிகம் பயன்படுத்திய கருவி அந்தக் காலண்டர்தான்.

வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. பலர் சொல்லும் நாள், தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள். எனக்கு வேண்டியதோ உதிரம் பட்ட முதல் நாள். இரண்டுக்கும் நடுவே மூன்று நாளோ ஐந்து நாளோ இருக்கும். பிரசவ தேதியை அந்த முதல் நாளிலிருந்துதான் கணக்கிடுகிறோம்: ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஏப்ரல் 10 என்றால் ஜனவரி 17. அதனால் “ஊத்திக்கிட்ட நாளா, பட்ட நாளா?” என்று கேட்காமல் நான் பதிவேட்டைத் திறப்பதில்லை.

அடுத்த கேள்வி, “திருவிழாவுக்காக மாத்திரை போட்டியா கண்ணு?” கோயிலுக்குப் போக வேண்டும் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விலக்கைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மாத்திரையை நிறுத்தியபின் பெரும்பாலும் சில நாளில் வந்துவிடும். ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

நாள் தள்ளிப்போவதைப் பெண்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கருமுட்டை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் விலக்கு வரும், அந்த இரண்டு வாரம் அதிகம் மாறாது. முட்டை வெளிவர எடுத்துக்கொள்ளும் முன்பாதிதான் நீளும், குறுகும். கடுங்காய்ச்சல், சட்டென்று எடை குறைதல், தூக்கம் கெடுதல், வீட்டில் ஒரு சாவு என எதுவும் முட்டையைத் தாமதப்படுத்தலாம். முட்டை தாமதித்தால் விலக்கும் தாமதிக்கும். நூல் மில் விடுதியில் தங்கி இரவு ஷிப்டு பார்த்த ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் வரவில்லை. அம்மாவுக்கு வேறு சந்தேகம், மகளுக்கு அழுகை. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் ஒரே கோடு. எடை பார்த்தால் முப்பத்தேழு கிலோ. சோறும் தூக்கமும் இல்லாத உடம்பு அது. தைராய்டும் நீர்க்கட்டியும் பார்க்க மருத்துவரிடம் அனுப்பினேன். அம்மாவிடம் தனியாகப் பேச அரை மணி ஆயிற்று.

‘கார்டு போட்டுப் பார்க்கிறது’ எளிய வேலைதான். சிறுநீரில் சில சொட்டு, ஐந்து நிமிடம். நாள் தவறியபின் பார்த்தால் பெரும்பாலும் சரியாகக் காட்டும். காலையில் முதலில் போகும் சிறுநீர் இன்னும் நல்லது. ஆனால் முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஆகிறவள் முப்பதாம் நாளே வந்தால், கரு தரித்திருந்தாலும் ஒற்றைக் கோடு வரலாம். அவளிடம் “இல்லை” என்று சொல்லி அனுப்பக் கூடாது. “ஒரு வாரம் கழிச்சு வா” என்றுதான் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் “பால் குடுக்கிறேனுங்க, எப்படி ஆகும்?” என்பார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டினாலோ, வேறு ஆகாரம் கொடுக்க ஆரம்பித்தாலோ அந்தக் காவல் போய்விடும். விலக்கையே பார்க்காமல் அடுத்ததைச் சுமந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்டையைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்பதுதான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது. வேலைக்கு வந்த புதிதில், இரண்டு கோட்டைப் பார்த்ததும் “நல்ல சேதி!” என்று மாமியார் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். ஏற்கெனவே இரண்டு கைக்குழந்தைகள் அவளுக்கு. மூன்றாவதைத் தாங்க முடியாது என்று என்னிடம் கேட்கத்தான் வந்திருக்கிறாள். எள்ளுருண்டை, பப்பாளி எல்லாம் பார்த்துவிட்டு, பிறகு கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டு, உதிரம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தாள். என் வாயை நான் அடக்கியிருந்தால் அவள் அங்கே போயிருக்க மாட்டாள். அதன்பின் யார் கூட வந்தாலும் “கொஞ்சம் தண்ணி கொண்டாங்க” என்று அனுப்பிவிட்டு, தனியாக, “இது எப்படி இருந்தா உனக்கு நல்லது கண்ணு?” என்று கேட்டபின்தான் அட்டையைக் காட்டுகிறேன்.

வேண்டாம் என்கிறவளுக்கு வழி இருக்கிறது என்பதைச் சொல்வதும் என் வேலை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி இருபது வாரம்வரை தகுதியுள்ள ஒரு மருத்துவரின் கருத்து போதும். பதினெட்டு வயது நிறைந்தவளுக்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை. அவள் பெயரை வெளியே விடக் கூடாது. இன்னொன்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்: நாள் தள்ளிப்போயிருக்கையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, சிறிதாய் உதிரம் பட்டாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதே, 108ஐக் கூப்பிடு. கரு குழாயில் தங்கியிருந்தால் நேரம் கிடையாது.

நாற்பத்து நாலு வயது அம்மா ஒருவர் வந்திருந்தார். விலக்கு நிற்கிற வயசுதானே என்று நாலு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். வயிற்றில் ஏதோ கட்டி போலிருக்கிறது என்றார். கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டை இரண்டு கோடு காட்டியது. மகளுக்குக் கல்யாணமாகி அவளும் அப்போது முழுகாமல் இருந்தாள். “மருமகன் மூஞ்சில எப்படி முழிப்பேனுங்க?” என்று சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஸ்கேனுக்கும் மருத்துவரிடமும் கூடவே போனேன். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது அவருடையது, இங்கே எழுத மாட்டேன். மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்கால பஸ்ஸில் மகளின் ஊருக்குப் போனேன். எனக்குக் காப்பி வைத்துக்கொண்டே கேட்ட அந்தப் பெண், அடுப்பை அணைத்துவிட்டு, “அம்மா சாப்பிட்டாங்களா?” என்றாள்.