மினுக்கிய மஞ்சள் விளக்கு



போன வாரம் சேலத்தில் வீட்டுக்காரம்மாவுக்குக் கண் அறுவை முடித்து ஏற்காடு திரும்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில் நம்ம 2014 மாடல் பெட்ரோல் கார் உதறியது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது.

அந்த விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால், மெதுவாக வீடு வந்து பார்க்கலாம். மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

மெக்கானிக்காக இருக்கும் பழைய மாணவன் ஜீப்பில் வந்தான். ஸ்டீயரிங்குக்கு அடியில் கருவியைச் செருகினான். 'பி 0302' என்று காட்டியது. கடைசி எண் இரண்டாவது சிலிண்டரைக் குறிக்கும். ஆனால் கெட்டது பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் காயில்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டு, பழைய கோடை அழித்து, ஸ்டார்ட் செய்தான். இப்போது 'பி 0303'. காயிலோடு கோளாறும் நகர்ந்துவிட்டது!

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும்னு நீங்கதானே சார் அவரை விதையை வெச்சு சொன்னீங்க" என்றான். அந்த வகுப்பில் அவன் தூங்கியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

மறுநாள் புதுக் காயில் போட்டதும் விளக்கு அணைந்தது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிற பிள்ளைகளே, சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன்பு, அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் ஏன் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.