பசி இல்லாத பேய்கள்

ஜப்பானியச் சித்திரக்கதையின் பிதாமகர் என்று போற்றப்படும் ஒஸாமு தெஸுகாவின் ‘டொரோரோ’வை 2007இல் அகிஹிகோ ஷியோதா திரைப்படமாக எடுத்தார். மூலக்கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து முடித்த சூட்டோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். முடிந்தபோது கோபம்கூட வரவில்லை. பெருவிருந்துக்கு அழைக்கப்பட்டு, இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டுமே விழ, எழுந்து கை கழுவியதைப் போன்ற ஒரு வெறுமைதான் மிஞ்சியது. அந்த வெறுமை எதனால் என்று யோசித்துப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

கதையின் கரு எளிமையானது. அதே அளவுக்குக் கொடூரமானது. நாட்டை ஆளும் வலிமை வேண்டி, தைகோ ககேமித்ஸு என்னும் படைத்தலைவன் 48 பேய்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறான். அதற்கு அவன் தரும் விலை, பிறக்கவிருக்கும் தன் மகனின் 48 உறுப்புகள். கண்ணும் காதும் கைகால்களும் இல்லாமல் பிறக்கும் சிசு ஆற்றில் விடப்படுகிறது. ஜுகாய் என்ற மருத்துவர் அதைக் கண்டெடுத்து, செயற்கை உறுப்புகள் பொருத்தி வளர்க்கிறார். ஹ்யாக்கிமாரு எனப் பெயர் பெறும் அவன், ஒவ்வொரு பேயைக் கொல்லும்போதும் இழந்த உறுப்பொன்றைத் திரும்பப் பெறுகிறான். அவனுடைய பொய்க்கைகளுக்குள் வாள்கள் ஒளிந்திருக்கின்றன. அந்த வாளின் மேல் கண் வைத்து அவனை ஒட்டிக்கொண்டு அலைகிறது டொரோரோ என்னும் திருட்டுக் குழந்தை.

1928இல் பிறந்த தெஸுகா, பதின்வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1945இல் ஒஸாகா நகரின் மீது குண்டு பொழியப்பட்டதை நேரில் கண்டவர். பின்னர் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். மனித உடல் எப்படி இயங்குகிறது, எப்படிச் சிதைகிறது என்ற இரண்டையும் அறிந்த கை அவருடையது. அவருக்கு முன்பே பேய்க்கதைகளால் புகழ்பெற்றிருந்த ஷிகேரு மிஸுகியோ, இரண்டாம் உலகப்போரில் இடக்கையைப் பறிகொடுத்துத் திரும்பியவர். அந்தத் தலைமுறையின் பேய்கள் வெறும் பாட்டிக்கதைகளிலிருந்து வந்தவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘டொரோரோ’ 1967இல் ஒரு சிறுவர் வார இதழில் தொடராக வரத் தொடங்கியது. சிறுவர்களுக்கான கதைதான். ஆனால் அதில் வரும் ஒரு காட்சியைக் கடக்க முடியாமல் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன். டொரோரோவின் தாய் கஞ்சி ஊற்றும் இடத்திற்கு வருகிறாள். வாங்கிக்கொள்ள ஏனம் இல்லை. கொதிக்கும் கஞ்சியைத் தன் வெறும் உள்ளங்கைகளில் ஏந்திக் குழந்தைக்கு ஊட்டுகிறாள். இன்னோர் அத்தியாயத்தில், போரில் எஞ்சிய நெடும் பலகைச் சுவரொன்று ஓர் ஊரையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. மறுபுறம் இருக்கும் பெற்றோரிடம் போய்ச் சேர ஒரு சிறுவன் தவிக்கிறான். கொரியாவும் வியட்நாமும் பிளவுண்டு கிடந்த காலத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் இவை.

இந்த உலகில் போரும் பசியும் முதலில் வருகின்றன. பேய் அவற்றின் பின்னால் வருகிறது. பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடும் பரணி இலக்கியத்தைப் படித்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை. தெஸுகாவின் கிராமத்தார் பேயிடமிருந்து தங்களைக் காப்பாற்றியவனையே அவன் உடலைக் கண்டு அஞ்சி விரட்டுகிறார்கள். பேய் செத்த பிறகும் கொடுமை சாவதில்லை.

படம் இழந்தது இந்த மண்ணைத்தான். கதை குறிப்பிட்ட காலமோ இடமோ அற்ற ஒரு கற்பனை நாட்டுக்கு மாற்றப்பட்டு, நியூசிலாந்தின் விரிந்த நிலவெளிகளில் படமாக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த வெளிகளில் வயல் இல்லை; வயல் இல்லாததால் பஞ்சம் இல்லை; பஞ்சம் இல்லாததால் பேய்களுக்கு அங்கே வேலையும் இல்லை. ‘ஹீரோ’ படத்தின் சண்டைகளை வடிவமைத்த சிங் சியூ துங்தான் இதற்கும் சண்டை அமைத்தவர். அவராலும் ரப்பர் உடைகளுக்கும் கணினி வரைகலைக்கும் உயிர் கொடுக்க முடியவில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் கிதார் இசை அதிர, பேய்கள் வரிசையாக வந்து வெட்டுப்பட்டுப் போகின்றன. கணக்குத் தீர்க்கும் அவசரம்தான் அதில் தெரிகிறது. குழந்தை டொரோரோ வளர்ந்த பெண்ணாக்கப்பட்டதும் ஓர் இழப்பே. கோ ஷிபாசாகி துடிப்பான நடிகைதான். எனினும் பசித்த குழந்தையின் இடத்தைத் துடிப்பால் நிரப்ப முடியுமா?

உறுப்பு திரும்புவது இக்கதையில் வெற்றி மட்டுமன்று, தண்டனையும்கூட. 2019இல் வெளிவந்த தொலைக்காட்சி அசைவூட்டத் தொடர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அதில் செவிப்புலன் மீண்டதும் ஹ்யாக்கிமாரு மகிழ்வதில்லை; உலகின் இரைச்சல் தாங்காமல் ஒடுங்கிப்போகிறான். மனிதனாவது என்றால் வலிக்கத் தொடங்குவது என்று பொருள். திரைப்படத்தில் அவன் சில கணங்கள் துடிக்கிறான். பிறகு அடுத்த சண்டைக்குத் தயாராகிவிடுகிறான்.

இத்தனைக்கும் படம் தானாகவே கண்டடைந்த ஓர் அபாரமான கற்பனை உண்டு. இதில் ஜுகாய் அந்தச் சிசுவுக்கு உறுப்புகளைச் செய்வது போரில் மாண்ட குழந்தைகளின் உடல் எச்சங்களிலிருந்து. அப்படியானால் ஹ்யாக்கிமாரு தனி ஒருவனல்லன். கொல்லப்பட்ட பல குழந்தைகள் சேர்ந்து எழுந்து நடக்கும் ஓர் உடல். தன் உறுப்பு ஒன்று திரும்ப முளைக்கும்போது, இத்தனை காலம் அவனைத் தாங்கிய பெயரறியாக் குழந்தையின் கை கழன்று மண்ணில் விழுகிறது. அதை யார் எடுத்துப் புதைப்பது? இந்த ஒரு கேள்வியின் மேல் நின்றிருந்தால் இது தெஸுகாவையே தாண்டிச் சென்றிருக்கக்கூடிய படம். ‘கேனரி’ போன்ற படங்களில் சிறார்களின் காயங்களை அவ்வளவு நிதானமாக அணுகிய ஷியோதா, இங்கே அந்தக் கேள்வியின் அருகில் வந்துவிட்டு வாளோசைக்குள் ஓடிவிடுகிறார்.

படம் ஜப்பானில் நல்ல வசூலைப் பெற்றது. இன்னும் 24 பேய்கள் மீதமிருக்கின்றன என்ற அறிவிப்போடு முடிகிறது. அடுத்த பாகங்கள் வரும் என்று பேசப்பட்டது, வரவில்லை. மூலக்கதையும் முழுமை பெற்றதல்ல. இடையில் நின்று, 1969இல் வேறோர் இதழில் தொடர்ந்து, அவசரமாக முடிக்கப்பட்டது. ஆகவே முடிவின்மையைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தெஸுகா பாதியில் விட்டது ஒரு காயத்தை; படம் பாதியில் விட்டது ஒரு பட்டியலை. காயம் பாதியில் நின்றாலும் வலிக்கும். பட்டியலில் மீந்த 24 பேய்களைப் பற்றி, படம் பார்த்த மறுநாள் எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. வெறும் கையில் கஞ்சி ஏந்திய தாயை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.