நல்ல டயர் போட்டதால் செத்துப்போன எஞ்சின்

பைக் எஞ்சினைக் கழட்டி ரேஸ் காருல மாட்டினா என்ன ஆகும்? நல்லா ஓடும். ஒரு நாள் டமார்னு நின்னுடும். ஏன் நின்னுச்சுன்னு பார்க்காம வேற எஞ்சின் மாட்டினா அதுவும் நின்னுடும். பதிவோட சுருக்கம் இவ்வளவுதான். அவசரமா ஆணி புடுங்கணும்னா இத்தோட கிளம்பிடலாம். மத்தவங்க உக்காருங்க மக்களே :-)

ஃபார்முலா பாரத்னு இஞ்சினியரிங் மாணவர்களுக்கு ஒரு போட்டி இருக்கு. ஒத்தை ஆள் உக்கார்ற சின்ன ரேஸ் காரை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்ட் பண்ணி, ஓட்டியும் காட்டணும். எஞ்சின் 710 சிசிக்கு மேல போகக் கூடாது. அதனால பெட்ரோல் கார் செய்யறவங்க பைக் எஞ்சினைத்தான் தேடிப் போவாங்க. நடக்கிற இடம் கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்த 'கரி' யாருன்னு கேட்டா, எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். 1980-களின் கடைசியில மாருதி 800-ல வர்ற 796 சிசி எஞ்சினை எடுத்து ஒரு ரேஸ் காருக்குள்ள வச்சு, ஃபார்முலா மாருதின்னு கொண்டு வந்தவர். வெளிநாட்டு எஞ்சினுக்குக் காசு இல்லாதவனும் ரேஸ் ஓட்டலாம்னு ஆனது அப்புறம்தான். 2005-ல எஃப்1-ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கூட ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்சவர்தான். கரிவரதன் 1995-ல விமான விபத்துல போயிட்டார். ரோட்டு வண்டி எஞ்சினை ரேஸ் காருல வைக்கிற பழக்கம் மட்டும் நம்ம ஊர்ல போகல.

எங்க காலேஜ் டீமும் அதே வழிதான். ஒத்தை சிலிண்டர் பைக் எஞ்சின். கம்பெனி பேரு வேண்டாம், நடந்ததுல அவங்க தப்பு ஒண்ணுமில்ல. ஃபைனல் இயர்ல என் வேலை வயரிங்கும் டேட்டா லாகரும். அதாவது, பொட்டி தட்டுற வேலை அப்பவே ஆரம்பிச்சாச்சு.

அந்த வருசம் ஸ்பான்சர் புண்ணியத்துல கோடு இல்லாத மொழுக்கை ரேஸ் டயர் கிடைச்சது. ரோட்டுல பசை போட்டு ஒட்டின மாதிரி புடிக்கும். வளைவுல கார் திரும்பற வேகத்தைப் பார்த்து எல்லாரும் குதிச்சோம். 2018 டிசம்பர்ல ஒரு நாள், காலேஜ் மைதானத்துல கூம்பு வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, ஒரு நீள வளைவு முடிஞ்சு வெளிய வரும்போது சத்தம். கனெக்டிங் ராடு எஞ்சின் பக்கவாட்டைப் பொத்துக்கிட்டு வெளிய எட்டிப் பார்க்குது. மண்ணு பூரா ஆயில்.

வண்டியில இருந்தது செகண்ட் இயர் பையன் ஒருத்தன். இறங்கி ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம நின்னான். சாயங்காலத்துக்குள்ள தீர்ப்பு ரெடி. "கியரைத் தப்பா இறக்கியிருப்பான், ஆர்பிஎம் எகிறி ராடு போயிருக்கும்." போட்டியில வேற ஆள் ஓட்டட்டும்னு கேப்டன் முடிவே பண்ணிட்டார். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. எஞ்சின் விலை அவனோட ஒரு செமஸ்டர் ஃபீசுக்கு மேல. எப்படிப் பேசுவான்?

வேற எஞ்சின் தேடறப்பதான் எங்க பேகம்பூர் ஞாபகம் வந்தது. எங்க தெருவுக்குப் பக்கத்துல பைக் பட்டறை வச்சிருக்கற பாய், ஆக்சிடென்ட்ல முன்பக்கம் நொறுங்கின அதே மாடல் பைக் ஒண்ணு விலைக்கு இருக்குன்னார். ஆர்சி காப்பியும் விற்பனைக் கடிதமும் இல்லாம எஞ்சின்ல கை வைக்க மாட்டேன்னுட்டார். திருட்டு எஞ்சின் ஊர்ல சுத்துதாம். ரோட்டு வண்டின்னா எஞ்சின் நம்பர் ஆர்சியில இருக்கும், மாத்தினா ஆர்டிஓ அனுமதி வேணும். எங்களது ரோட்டுக்கு வராத வண்டி, அந்தத் தலைவலி இல்ல. பேப்பர் எல்லாம் சரியா இருந்தது, காசும் பிரிச்சாச்சு. மாட்டுங்க பாய்னா, மனுசன் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டார்.

"எஞ்சின் மாத்துறது பெரிசில்ல தம்பி. பழசு எதுக்குச் செத்துச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் புதுசத் தொடுறேன்."

பழைய எஞ்சின்ல மிச்சமிருந்த ஆயிலை ஒரு தட்டுல ஊத்தினார். ஜிகினா கலந்த மாதிரி மின்னுச்சு. உடைஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்தை உள்ள விட்டு ஆட்டினார். பெரிய தூள் கொஞ்சம் ஒட்டுச்சு. பொடி ஜிகினா ஒட்டவே இல்ல. "இரும்பு இல்ல, பேரிங் ஓடு. ஆயில் இல்லாம தேஞ்சிருக்கு"ன்னார். ஆனா ஆயில் அளவு காலையிலதான் பார்த்திருந்தோம், கரெக்டா இருந்தது.

ராத்திரி லாகரைத் திறந்தேன். முதல்ல ஆர்பிஎம். எகிறவே இல்ல, அன்னைக்கு ஒரு தடவை கூட எல்லையைத் தாண்டல. அடுத்து ஆயில் பிரஷர். இடது வளைவுல எல்லாம் நேர்கோடு. ஒவ்வொரு நீள வலது வளைவுலயும் கிட்டத்தட்ட பூஜ்யம், முக்கால் செகண்டு. வளைவு முடிஞ்சதும் பழைய நிலைமை. 9000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 150 சுத்து. முக்கால் செகண்டுல நூத்துச் சொச்சம் சுத்து ஆயில் இல்லாம. அதுவும் ஒவ்வொரு ரவுண்டும். எச்சரிக்கை லைட்டு மினுக்கிட்டு அணையுது. கூம்பைப் பார்த்து ஓட்டறவன் கண்ணுல அது எப்படிப் படும்?

காரணம் ரொம்ப எளிசு. தூக்குச் சட்டியில பால் ஊத்தி வேகமா சுத்துங்க, சிந்தாது. சட்டியும் கூடவே சாயுது, பால் எப்பவும் அடியிலயே கிடக்கும். பைக் வளைவுல சாயறது அதே மாதிரிதான். எஞ்சினும் சாயும், ஆயில் சேம்பர் அடியிலயே இருக்கும். கார் அப்படிச் சாயாது. சிறுமலை பஸ்சுல கொண்டை ஊசி வளைவு திரும்பறப்ப கீழ வச்ச சாம்பார் வாளி என்ன ஆகுமோ அதுதான். புவியீர்ப்பு அளவுக்கே பக்கவாட்டு விசை வந்தா ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும். வலப்பக்கம் திரும்பினா ஆயில் இடது சுவத்துல ஏறிடும். ஆயிலை உறிஞ்சற குழாய் எங்க எஞ்சின்ல வலப்பக்கம். அது வெறும் காத்தை உறிஞ்சும்.

பழைய டயருக்கு இவ்வளவு பிடிமானம் கிடையாது, வளைவுல இந்த வேகம் வந்ததே இல்ல. வருசக்கணக்கா ஓடின எஞ்சினைக் கொன்னது புது டயரோட திறமை. பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே பிரச்சனைதான். போர்ஷே 911 ஜிடி3, கார்வெட் இசட்06 மாதிரி வண்டிகள்ல டிரை சம்ப்னு ஆயிலைத் தனி டேங்குல வச்சு பம்ப் பண்றது இதுக்காகத்தான்.

எங்களுக்கு அந்த வசதி இல்ல. சேம்பருக்குள்ள அலுமினியத் தகடுல தடுப்புக் கட்டினோம். தடுப்புல சின்னக் கதவுகள். ஆயில் உள்ள வரலாம், வெளிய போக முடியாது. அந்தக் கதவுக்குக் கீல் செஞ்சு கொடுத்தது திண்டுக்கல் பூட்டுப் பட்டறை! அடுத்த வருசம், 2019-ல, திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்க ஓட்டும் அதுல சேர்த்தி, ஹி ஹி.

லாகர் கோட்டை பிரிண்ட் எடுத்து கேப்டன் மேசையில வச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எந்திரிச்சு ஹாஸ்டலுக்குப் போய் அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கல. "நாளைக்கு டெஸ்டிங், நீதான் ஓட்டற"ன்னார். அவ்வளவுதான்.

2019 ஜனவரியில கோயமுத்தூர். காரை 60 டிகிரி சாய்ச்சுப் பிடிக்கிற சோதனையில ஒரு சொட்டு ஒழுகல. எண்டியூரன்ஸ் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், நடுவுல டிரைவர் மாறணும். ரெண்டாம் பாதி அந்தப் பையன். முடிச்சுட்டு வந்தான். கோப்பை எதுவும் கிடைக்கல. எஞ்சின் ஓடிக்கிட்டே உள்ள வந்தது.

இப்ப ஆபிஸ்ல சர்வர் படுத்தா முதல் வேலை ரீஸ்டார்ட். ரெண்டாவது வேலை, கடைசியா கோடு ஏத்தினவன் யாருன்னு தேடறது. ரெண்டையும் நிறுத்த முடியாது, பொழப்பு அப்படி. ஆனா கடைசியா வண்டியில உக்கார்ந்திருந்தவன்தான் எஞ்சினைக் கொன்னான்னு யாராவது சொன்னா, லாக் எங்கன்னு கேட்காம நான் தலையாட்டறது இல்ல.

டிஸ்கி: உடைஞ்ச ராடு பாய் பட்டறையிலதான் இருக்கு. பேப்பர் வெயிட்டா வச்சிருக்கார்.