சில்லறை மறந்த கடைத்தெரு

மாலை ஐந்து மணி. செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை நீளும் தில்லி சாந்தினி சௌக்கில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. தரீபா முனையில் நெய்ச் சட்டியில் ஜிலேபி பொரிகிறது. சூடான தொன்னையை ஒரு கையில் வாங்கிக்கொண்டவர் மறு கையால் கைப்பேசியை நீட்டுகிறார். கல்லா மேலிருக்கும் சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டதை இந்தியில் உரக்க அறிவிக்கிறது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அடுத்தவருக்கு எடை போடத் தொடங்கிவிட்டார்.

ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650-இல் அமைத்த கடைத்தெரு இது. வெள்ளி நாணயம், ஹுண்டி, காகித நோட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. பழைய பழக்கங்களை எளிதில் விடாத இந்தத் தெரு கைப்பேசிக்கு எப்படி மசிந்தது?

முதல் பாடம் தரைக்கு அடியில் நடந்தது. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோ, கருவியில் காட்டினாலே கதவைத் திறக்கும் அட்டையைக் கொண்டுவந்தது. 2005-இல் சாந்தினி சௌக்குக்கும் ரயில் வந்தது. அட்டைக்காரர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதச் சலுகை. சலுகையைவிடப் பெரிய லாபம், டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது. காசை எண்ணாமலே செலவழிக்கத் தலைநகரம் அங்கேதான் பழகியது.

இரண்டாவது பாடம் அடித்துச் சொல்லித் தரப்பட்டது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. கடைகளில் ஈ ஓட்டிய வியாபாரிகள், வந்த வாடிக்கையாளரை விட மனமின்றிக் கைப்பேசிக்கு மாறினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் யுபிஐ அறிமுகமாகியிருந்தது.

ஆனால் கட்டாயம் மட்டுமே காரணம் என்றால், நோட்டு திரும்பியதும் பழக்கம் போயிருக்க வேண்டும். 2016 மார்ச்சில் 16 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் இருந்த நோட்டுப் புழக்கம், 2024 மார்ச்சில் சுமார் 35 லட்சம் கோடியாகிவிட்டது. கைப்பேசியை யாரும் உள்ளே வைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி யுபிஐ பரிமாற்றங்கள் நடந்தன.

காரணங்கள் எளிமையானவை. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்க வேண்டியதில்லை. நெரிசலில் பர்ஸைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் நோட்டைத் தொடவே பயந்தவர்களுக்கு இது வசதியாகிவிட்டது. கடைக்காரருக்கு 2020 ஜனவரி முதல் யுபிஐக்குக் கட்டணமில்லை. பேசும் பெட்டி வந்த பிறகு, பொய்யான ரசீதைக் காட்டி ஏமாற்றுவதும் கடினமாயிற்று. பக்கத்துக் கடையில் அட்டை தொங்கினால் இவர் கடையிலும் தொங்கியே ஆகவேண்டும்.

ஃபதேபுரி மசூதியைத் தாண்டி காரி பாவ்லி மசாலா மொத்தச் சந்தைக்குள் நுழைந்தால் காட்சி வேறு. மிளகாய் நெடியில் தும்மாதவர் இல்லை. இங்கே பழகிய முகத்துக்குக் கடன் உண்டு, கணக்கு நோட்டும் உண்டு. வங்கியில் பதிவாகும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு நாள் வரித்துறையின் கேள்வியாகத் திரும்பலாம் என்ற அச்சம் வியாபாரிகளுக்குப் பொதுவானது. 2025 ஜூலையில் பெங்களூரில் அதுதான் நடந்தது. யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பல கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அறிவிப்பு முளைத்தது. வசதி கொண்டுவந்த பழக்கத்தைப் பயம் ஒரே வாரத்தில் பின்னுக்கு இழுத்துவிடும்.

மூட்டை தூக்குபவரின் கணக்கு இன்னும் வேறு. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு, அல்லது இரவு ரொட்டிக்குக் கையில் காசு வேண்டியவருக்கு, நோட்டுதான் கூலி. ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவருக்கோ, மணியார்டருக்கு அலைந்த நாள் மிச்சம்.

சாந்தினி சௌக் சொல்வது இதைத்தான்: அவரவர் தொல்லை குறையும் இடத்தில் மக்கள் மாறுகிறார்கள், தொல்லை கூடும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அரசு ஆணைக்கோ விளம்பரத்துக்கோ அந்தக் கணக்கை மாற்றும் வலு இல்லை.

விளக்கு வைக்கும் நேரம். தரீபா முனையில் பெட்டி ஓயாமல் பேசுகிறது. காரி பாவ்லியில் ஒருவர் விரலை நனைத்து, கசங்கிய நோட்டுகளை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருக்கிறார்.