கார்த்திகையில் தொடங்கும் கோடை

கோடைக்கால ஆய்வுக்கு மனுப்போடும் பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமி, டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாதமி (இன்சா), பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாதமி (நாசி) மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு வழக்கமாக நவம்பரோடு கதவைச் சாத்திவிடுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் திட்டம் போலச் சில மட்டும் மாசிவாக்கில் திறந்திருக்கும். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த நினைப்பு வருவது பங்குனியில், வெயில் உறைக்க ஆரம்பித்த பிறகு. "சார், லீவுல எங்கயாச்சும் ரிசர்ச் பண்ணலாமா?" மூன்றாமாண்டு முடிக்கப்போகிறவன் இப்படி வந்து நின்றால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்ல முடியாது.

மதிப்பெண் போதாமல் நழுவியதைவிட, தேதி தெரியாமல் நழுவியதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் என்பது என் எண்ணம்.

*

1906இல் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தவர், கண்ணில் பட்ட சில ஒளிப்பட்டைகளை விடாமல் துரத்திப் போனார். அது கட்டுரையாகி, அந்த நவம்பரில் லண்டன் 'ஃபிலசாஃபிக்கல் மேகஸின்' இதழில் வந்தது. அதே சோதனை இன்றும் பி.எஸ்சி. செய்முறையில் இருக்கிறது. கோணத்தை அளந்து, ரெக்கார்டு நோட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அதே கல்லூரியில் படித்தவர். 1928 கோடையில் கல்கத்தாவில், ராமனின் ஆய்வுக்கூடத்தில் போய் இருந்தார். வயது 17. ராமன் விளைவு பிப்ரவரி 28ஆம் தேதிதான் கண்டறியப்பட்டிருந்தது. ராமனின் சக ஆய்வாளர் கே.எஸ். கிருஷ்ணனும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அப்போது இயற்பியல் மாணவன் ஒருவன் விடுமுறையைக் கழிக்க அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது. அதே ஆண்டு பிற்பாடு ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது சந்திரசேகர் நேரில் போய்ப் பார்த்தார். உனக்குத் தெரிந்த அணுக்கொள்கை பழசாகிவிட்டது என்று சொல்லி, தன் புதிய கட்டுரையின் அச்சுப்படியை அவர் கையில் கொடுத்தார் சாமர்ஃபெல்ட். 1929இல், இன்னும் பட்டம் வாங்காத நிலையிலேயே, சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்துவிட்டது.

மேதைமை ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லாருக்கும் கல்கத்தாவில் ஒரு சித்தப்பா இருப்பதில்லை. 1934இல் ராமனே தொடங்கியதுதான் பெங்களூர் அகாதமி. இன்று அங்கே போய் விண்ணப்பித்தால், யாருக்கும் சித்தப்பா அல்லாத ஒரு விஞ்ஞானி இரண்டு மாதத்துக்குப் பொறுப்பேற்கிறார். இந்தத் திட்டங்களின் முழு நியாயமும் எனக்கு இதுதான். அப்படி ஒன்று இருக்கிறது என்று வந்து சொல்வதற்கும் ஒரு சித்தப்பா தேவைப்படுகிறார் என்பதில்தான் இடறுகிறது.

*

பரிந்துரைக் கடிதங்கள். "இம்மாணவி நேர்மையானவர், கடின உழைப்பாளி, பணிவானவர்." எல்லாக் கடிதத்திலும் இந்த மூன்றும் இருக்கும், பேர் மட்டும் மாறும். தேர்வுக்குழுவில் இருப்பவருக்குப் பணிவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. அவருக்கு வேண்டியது ஒரு சம்பவம். ஊசல் சோதனையில் மொத்த வகுப்புக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 980க்குப் பக்கத்தில் வந்தபோது, தனக்கு 940 வந்ததை அப்படியே எழுதிவைத்துவிட்டு, ஏன் என்று மூன்று நாள் நூலின் நீளத்தையே அளந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி எழுதினால் போதும். செய்முறைத் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் குறைந்திருக்கும் என்பது வேறு கதை.

*

'என்ன செய்ய விரும்புகிறீர்கள்?' என்று கால் பக்கம் எழுதச் சொல்லும் இடம் விண்ணப்பத்தில் உண்டு. பிள்ளைகள் அங்கே அப்துல் கலாமில் தொடங்கி நாட்டின் முன்னேற்றத்தில் முடிக்கிறார்கள். அமெரிக்காவின் கால்டெக்கில் 1979 முதல் நடக்கும் 'சர்ஃப்' திட்டத்தில், மாணவரே ஒரு பேராசிரியரோடு கலந்துபேசி ஆய்வுத்திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி என்ன, எந்த வழியில் தேடுவேன், எந்த வாரம் என்ன செய்வேன். நம் பிள்ளைகளால் முடியாத காரியமில்லை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் யாரும் அவர்களைக் கேள்வி எழுதச் சொன்னதில்லை. விடைதான் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

பேராசிரியர்களுக்கு நேராக மின்னஞ்சல் போடுகிறவர்களுக்கும் இதே நோய். ஒரே கடிதம் நூறு பேருக்கு. "தங்கள் ஆய்வால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்" என்று எழுதியிருக்கும். எந்த ஆய்வு என்று இருக்காது. ஒரு கட்டுரையை எடுத்து, புரிந்த பத்தி எது, புரியாத வரி எது என்று எழுதினாலே அந்தக் கடிதம் தனியாகத் தெரியும்.

*

ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது? முதல் இரண்டு வாரம் கட்டுரை வாசிப்பு. பாதி புரியாது. அப்புறம் கருவிக்கு வரிசை, பிஎச்.டி. மாணவர்கள் முடித்த பிறகு, ராத்திரியில் கிடைக்கும். கணினி வேலை என்றால் மென்பொருளை நிறுவுவதற்குள்ளேயே ஒரு வாரம் ஓடிவிடும். ஆறாவது வாரம் ஏதோ ஒரு வரைபடம் வரும், அது தப்பென்று ஏழாவது வாரம் தெரியும். எட்டாவது வாரம் ரயில். அதன் பிறகு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும்.

இதில் ஆராய்ச்சி எங்கே என்று கேட்பவர்களுக்கு: இதேதான் ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001இல் பதிவுசெய்து வைத்த தரவைச் சில ஆண்டுகள் கழித்து மேற்கு வர்ஜீனியாவில் டேவிட் நார்கெவிக் என்ற இளநிலை மாணவர் சலித்துக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் டங்கன் லோரிமர் கொடுத்த வேலை. அதில் ஒரு துடிப்பு, சில மில்லி விநாடி நீளம், நம்பமுடியாத பிரகாசம். 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கட்டுரையாசிரியர் வரிசையில் அந்த மாணவர் பேரும் இருக்கிறது. வேக ரேடியோ வெடிப்புகள் என்ற ஒரு துறையே அதிலிருந்து கிளம்பியது. ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி, ஒன்றுமில்லாத படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதுதான். பாசிப்பருப்பில் கல் பொறுக்குவது மாதிரி.

*

இணைப்புக் கல்லூரிகளின் தேர்வு அட்டவணையைப் பற்றி யாராவது உரக்கப் பேச வேண்டும். ஆய்வு நிறுவனங்கள் மே முதல் ஜூலை வரை என்று வைத்திருக்கின்றன. நம் செமஸ்டர் தேர்வு பல சமயம் மே பாதி வரை இழுக்கும், சில ஆண்டு அதையும் தாண்டும். எட்டு வாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து வாரம்தான் இருப்பேன் என்று எந்த முகத்தோடு கேட்பது? தன்னாட்சிக் கல்லூரிப் பிள்ளைகள் இதில் தப்பிக்கிறார்கள். ஐ.ஐ.டி., ஐசர் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே கிடையாது. திறமை வேறுபாடு என்று நாம் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் அட்டவணை வேறுபாடும் இருக்கிறது.

*

ஒரு மாணவியின் அப்பா வந்திருந்தார். பெங்களூர், ஜக்கூர், ஜவஹர்லால் நேரு மையம். மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. "சார், படிப்புக்கு வேண்டாம்னு சொல்லல. ரெண்டு மாசம் யார் கூட தங்கும்?" ஆய்வைப் பற்றி நான் தயாராக வைத்திருந்த பேச்சு எதற்கும் வேலையில்லை. விடுதி வளாகத்துக்குள்ளேயா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், போன வருஷம் இங்கிருந்து போன பெண்ணின் நம்பர் கிடைக்குமா. அந்த நம்பர்தான் வேலை செய்தது. முதலில் ஒருத்தி போய்வருவதுதான் கஷ்டம்.

பணம் இன்னொன்று. உதவித்தொகை உண்டு, உண்மை. ஆனால் ரயிலுக்கும் முதல் மாத மெஸ்ஸுக்கும் கையிலிருந்து போட வேண்டும்; தொகை பிறகு கணக்கில் ஏறும். அந்த இடைவெளிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிற வீடுகள் இருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு வழிகாட்டியின் கீழ் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். பிளஸ் டூவில் மாநிலத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து பி.எஸ்சி.யில் சேரும் பிள்ளைக்கு அரசே வழிச்செலவு கொடுத்து, போய் ஏதாவது தேடு என்கிறது. அதைத் தட்டச்சு நிலையத்தில் கிடைக்கும் பழைய அறிக்கையின் முதல் பக்கத்தை மாற்றி முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. கையெழுத்துப் போடும் வழிகாட்டிகளைப் பார்த்தால் இன்னும்.

பொறியியல் பக்கம் நிலைமை வேறு தினுசு. அங்கே 'இன்டர்ன்ஷிப்' என்றாலே சான்றிதழ். காசு கட்டினால் ஒரு வாரத்தில் தங்க முத்திரையோடு தருகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உழைப்பவனுக்குக் காசு கொடுப்பதுதான் முறை. உழைப்பவனிடமே காசு கேட்கும் இடத்தில் உள்ளே போகாமல் இருப்பது நல்லது.

*

எங்கும் கிடைக்காதவர்களுக்கு: கொடைக்கானல் வான்ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை எண்ணியமாக்கிப் பொதுவில் வைத்தாயிற்று. லேப்டாப் ஒன்றும் கொஞ்சம் பைத்தானும் போதும். சூரியப்புள்ளிகளை எண்ணி, 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறதா என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். அதைச் செய்துவிட்டு அடுத்த நவம்பரில் விண்ணப்பித்தால், அந்தக் கால் பக்கத்தில் எழுத விஷயம் இருக்கும்.

*

அகாதமிகளின் திட்டம் ஆசிரியர்களுக்கும் உண்டு. பலருக்குத் தெரியாது. அறிவிப்பை அச்செடுத்து ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டினேன். நின்று முழுசாகப் படித்தவர் ஒருவர்தான். படித்து முடித்துத் திரும்பி, "எல்லாம் சரி சார், மே மாசம் வேல்யூஷன் டியூட்டிக்கு யாரு போறது?" என்றார்.