காரணமில்லாத் திருடர்கள்

மணிரத்னம் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘நாயகன்’ வரும், ‘தளபதி’ வரும், ‘ரோஜா’வும் ‘பம்பா’யும் வரும். யாராவது ‘திருடா திருடா’ என்று சொன்னால், “பாட்டெல்லாம் நல்லா இருக்கும்” என்ற ஒரே வரியோடு பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விடும். 1993 தீபாவளிக்கு வந்த படம். முன்னால் காஷ்மீரைப் பேசிய ‘ரோஜா’, பின்னால் மதக் கலவரத்தைப் பேசிய ‘பம்பாய்’. நடுவில் இரண்டு சில்லறைத் திருடர்களும் ஒரு பெண்ணும் ஓடிக்கொண்டே இருக்கும் இந்தப் படம். இரண்டு பெரிய மனிதர்களுக்கு இடையில் உட்கார்ந்த சின்னப் பையனை யார் கவனிப்பார்கள்?

எனக்கு அந்தப் படம் என்றால் இண்டூர்ப் பக்கத்துச் சினிமா கொட்டாய்தான் ஞாபகம் வரும். தருமபுரி டவுனில் ஓடி, பாலக்கோட்டில் ஓடி, பென்னாகரத்தில் ஓடித் தேய்ந்த பிறகுதான் ஒரு படம் எங்களிடம் வந்து சேரும். வரும்போதே திரையில் மழை பெய்யும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு வயல் தாண்டிக் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். களியை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவோம். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் திட்டுவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். அந்த இடைவெளியில் வேர்க்கடலை விற்பவர் ஒரு சுற்று வந்துவிடுவார்.

ஆயாவும் என்னோடு வந்திருந்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கேட்டார்: “இவனுங்க எதுக்குடா திருடறானுங்க? ஊட்ல கஷ்டமா? தங்கச்சி கல்யாணமா?”

“ஒண்ணுமில்ல ஆயா. சும்மாதான்.”

“சும்மா யாராச்சும் திருடுவாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயாவுக்குத் தெரிந்த திருடன் மலைக்கள்ளன். எம்.ஜி.ஆர். பகலில் ஒரு வேடம், இரவில் ஒரு வேடம் போட்டு, இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்த 1954-ஆம் ஆண்டுப் படம். கோயம்புத்தூர் பக்ஷிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது, வசனம் கருணாநிதி. கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையுடையது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம், எங்கள் தருமபுரியும் சேலம் மாவட்டம். 1965-இல்தான் நாங்கள் தனி மாவட்டமானோம். ஆகவே மலைக்கள்ளன் எங்கள் மாவட்டத்துக் கவிஞரின் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கும் உரிமை உண்டு.

சேலம் என்றதும் மாடர்ன் தியேட்டர்ஸ் நினைவுக்கு வருகிறது. ஏற்காடு அடிவாரத்தில் டி.ஆர்.சுந்தரம் கட்டிய அந்த ஸ்டூடியோவில் இருந்துதான் 1956 பொங்கலுக்கு ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். வண்ணத்தைக் காட்டுவதற்குத் திருடர் குகைதான் வாகாக அமைந்தது! அந்தக் குகைப் பணமும் நல்லவன் கைக்குத்தான் வந்து சேர்கிறது. 1961-இல் ‘திருடாதே’ வந்தது. தலைப்பே புத்திமதி. நம் சினிமாத் திருடன் ஒன்று தர்மம் செய்வான், இல்லையென்றால் திருந்துவான். மூன்றாவது வழியை யாரும் அவனுக்குத் திறந்து விடவில்லை.

நாம் மட்டும் இப்படியில்லை. கொரியாவில் ஹொங் கில்-தோங் என்று ஒரு கள்வன் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. வைப்பாட்டி மகன் என்பதால் தந்தையைத் தந்தை என்று கூப்பிட முடியாதவன், கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகி ஊழல் அதிகாரிகளிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறான். 1967-இல் அந்நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படமே அவன் கதைதான். கடல் தாண்டிப் போனாலும் நம் மலைக்கள்ளனுக்கு ஒரு பங்காளி இருக்கிறான்.

‘திருடா திருடா’ வந்த அதே வருஷம் ஜூலையில் ‘ஜென்டில்மேன்’ வந்தது. ஷங்கரின் முதல் படம். அதற்கும் ஏ.ஆர்.ரஹ்மான்தான் இசை. அதிலும் கதாநாயகன் திருடன்தான். அப்பள வியாபாரம் செய்துகொண்டே கோடிகளைக் கொள்ளையடிக்கும் அர்ஜுனிடம் ஒரு காரணம் இருந்தது. லஞ்சத்தால் படிப்பை இழந்தவன், ஏழைப் பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டுகிறான். ஜனங்கள் கொண்டாடினார்கள். எங்கள் கொட்டாயிலும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆயா அழுதார். அர்ஜுனை அவர் ஒரு நொடிகூடத் திருடனாக நினைக்கவில்லை.

ஒரே வருஷம், ஒரே இசையமைப்பாளர், இரண்டு திருட்டுக் கதைகள். காரணம் சொன்னவன் ஜெயித்தான். சொல்லாதவன் மறக்கப்பட்டான்.

அந்த வருஷத்தை நினைத்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு பக்கம் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒகேனக்கல் சாலையில் போலீஸ் ஜீப்புகள் பெருகின. அதிரடிப்படை வந்தது. காட்டோர ஊர்களில் பொழுது சாய்ந்தால் வெளியே போக யோசித்தார்கள். இரண்டு பக்கமும் பயம். டீக்கடைகளில் ஓயாத தர்க்கம்: அவன் ஏன் அப்படி ஆனான், யார் அவனை அப்படி ஆக்கினார்கள். அங்கேயும் காரணம்தான் தேடினோம். யானைகளுக்கும் சந்தனமரங்களுக்கும் செத்த மனிதர்களுக்கும் எந்தக் காரணமும் ஈடு செய்யாது என்று சொன்னவர்கள் குரல் அப்போது உயரவில்லை. 2004 அக்டோபர் 18 இரவு, ஆம்புலன்ஸ் என்று நம்பி அவன் ஏறிவந்த வண்டி எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில்தான் சுற்றி வளைக்கப்பட்டது. மறுநாள் அந்த இடத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்திலும் அதே தர்க்கம் நடந்தது.

இவ்வளவும் மனதில் ஓடிய பிறகுதான் அழகுவையும் கதிரையும் நான் புரிந்துகொண்டேன். பிரசாந்தும் ஆனந்தும் நடித்த அந்த இரண்டு பேரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. யாரையும் பழிவாங்கவில்லை. துப்பாக்கியை நம்பி வாழவில்லை. திருடுவார்கள், மாட்டுவார்கள், ஓடுவார்கள். சாகப்போன ராசாத்தியைக் காப்பாற்றிக் கூடவே கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். ரயிலில் கொண்டுபோகும்போது கொள்ளை போன 1000 கோடி ரூபாய்க் கன்டெய்னர் ஒன்று அவர்கள் வழியில் குறுக்கிடுகிறது. ஒரு பக்கம் சலீம் கௌஸின் வில்லன் கூட்டம், மறுபக்கம் சி.பி.ஐ. அதிகாரி லக்ஷ்மி நாராயணன். எஸ்.பி.பாலசுப்ரமணியம் இந்தப் படத்துக்குப் பாட வரவில்லை, துப்பறிய வந்திருந்தார். மிரட்டலே இல்லாத அந்த அதிகாரி, வீட்டுக்கு வந்த சித்தப்பா மாதிரி விசாரணை செய்வார். கொட்டாயில் அவர் வாய் திறந்தாலே சிரிப்பு.

திரைக்கதையில் மணிரத்னத்தோடு ராம்கோபால் வர்மாவும் சேர்ந்திருந்தார். வசனம் சுஜாதா. பி.சி.ஸ்ரீராமின் கேமரா ஓடுகிறவர்களோடு சேர்ந்து ஓடியது. லாரி, ரயில், வயல், தெரு என்று கால் தரையில் பாவாத படம். நடன அமைப்புக்கும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. வில்லன் வரும் பகுதிகளில் படம் கொஞ்சம் இழுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த மூவரும் திரையில் வந்துவிட்டால் அந்தக் குறை மறந்துபோகும்.

ராசாத்தியைப் பாடும் அந்தப் பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. வாத்தியமே கிடையாது. ஷாகுல் ஹமீதின் குரலும் பின்னால் கோரஸும் மட்டும். அதுவரை விசிலடித்த கூட்டம் அடங்கிவிட்டது. பிறகு புளிக்காலத்தில், திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடுடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டும்போது டேப் ரெக்கார்டரில் அந்தப் பாட்டை வைப்பார்கள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓர் அக்கா சொன்னார்: “மேளம் இல்ல, தாளம் இல்ல, ஆனா எங்கூரு ஒப்பாரி மாதிரியே இருக்குதுடா.” விரலெல்லாம் புளியின் செம்மண் நிறம். ரஹ்மான் வந்து புதிய ஓசை கொண்டுவந்தார் என்று எழுதுகிறார்கள். எங்கள் திண்ணைக்கு அவர் கொண்டுவந்தது மனிதத் தொண்டையை. ஒரு சாலை விபத்தில் ஷாகுல் ஹமீத் இளம் வயதிலேயே போய்விட்டார். எஸ்.பி.பி. 2020-இல் போனார். சலீம் கௌஸ் 2022-இல். கொட்டாய் அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது.

“சும்மா யாராச்சும் திருடுவாங்களா?” என்று கேட்டாரே ஆயா, அவருக்கு இப்போது பதில் சொல்ல முடியும். நிஜத்தில் யாரும் சும்மா திருடுவதில்லை ஆயா. பசி, பேராசை, வஞ்சம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதற்கு நியாயம் கட்டிச் சொல்லும் படங்களைப் பார்த்துப் பார்த்து, நிஜக் கொள்ளைக்காரனுக்கும் நாம் நியாயம் கட்டப் பழகிவிட்டோம். இந்தப் படம் அந்த வேலையைச் செய்யவில்லை. திருட்டை விளையாட்டாக மட்டும் வைத்துக்கொண்டது. அழகும் கதிரும் நமக்கு வழிகாட்டிகள் அல்லர். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள். ‘நான் செய்தது சரி’ என்று அவர்கள் ஒரு இடத்திலும் பிரசங்கம் செய்வதில்லை. அந்த நேர்மை மலைக்கள்ளனிடமும் இல்லை, ஜென்டில்மேனிடமும் இல்லை.

நம் சினிமாவில் கருத்து சொன்ன படங்களுக்கு மாலை போடுகிறோம். மனம் விட்டுச் சிரிக்க வைத்த படத்தை ‘பொழுதுபோக்கு’ என்று ஓரம் கட்டுகிறோம். இவ்வளவு பெரிய கலைஞர்கள் கூடி, எந்தப் பாடமும் நடத்தாமல் படம் முழுக்க ஆடிக் காட்டியது தமிழில் அபூர்வம். ‘திருடா திருடா’ தோல்விப் படமும் அல்ல, இடைவேளைப் படமும் அல்ல. மணிரத்னம் எடுத்ததிலேயே சுதந்திரமான படம் அதுதான் என்பது என் தீர்மானம். பழைய படங்களைத் துலக்கி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவரும் காலம் இது. இதையும் துலக்கிக் கொண்டுவர வேண்டும். வந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எதற்குத் திருடுகிறார்கள் என்று அவர்கள் கேட்டால், சும்மாதான் என்று சொல்லுங்கள்.