உரலும் ஆலையும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில், "இயந்திரம் மனிதனை அடிமையாக்கிற்று" என்னும் பொருள்பற்றி யான் ஓர் உரை நிகழ்த்தினேன். கைத்தொழிலின் மாண்பை வானளாவப் புகழ்ந்தேன். ஆலைகளை மனமார வைதேன். கைதட்டலும் பரிசும் கிடைத்தன. அப்பரிசுக்கு யான் உரியனல்லேன் என்பதை விடுமுறையில் ஜவ்வாது மலையிலே ஒரு மூதாட்டியார் எனக்கு உணர்த்தினார். அதனை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூரினன்; அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். அவன் அழைக்க, போளூரிலிருந்து பேருந்தேறி மலைவளைவுகளைக் கடந்து அவன் இல்லம் சேர்ந்தேன். சாமை அறுவடை முடிந்த காலம் அது. வாயிலில் அவனுடைய பாட்டியார் சாமையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். திண்ணையோரத்தில் ஓர் உரலும் உலக்கையும் இருந்தன. சிலப்பதிகாரத்து வள்ளைப்பாட்டைப் பாடம் கேட்ட மாணவனுக்கு அக்காட்சி எத்துணை இன்பம் பயந்திருக்கும்! "ஆயா, உலக்கை குத்தும்போது நீங்கள் பாடுவதுண்டா?" என்று ஆவலோடு வினவினேன்.

அவர் நகைத்தார். "நீ கொஞ்சம் குத்திப் பாரு, தம்பி. அப்புறம் பாட்டு வருதான்னு சொல்லு" என்றார்.

சாமை நெல்லைப்போல் எளிதில் இணங்குவதன்று. மணி சிறிது, உமியோ மணியை இறுகப் பற்றியிருக்கும். உலர்த்தித் திரிகையில் மெல்லத் திரித்து, முறத்தாற் புடைத்து, உரலிலிட்டுக் குத்தி, மீண்டும் புடைத்து, உமி நீங்காதவற்றை மீண்டும் குத்துதல் வேண்டும். மிகுத்துக் குத்தினால் குறுநொய்யாகும். குறைத்துக் குத்தினால் உமி நிற்கும். கால்மணி நேரத்தில் என் உள்ளங்கையிற் கொப்புளம் எழுந்தது. பாட்டு எழவில்லை, மூச்சே எழுதற்கு அரிதாயிற்று. யான் குத்தியதிற் பாதி நொய்யாய்க் கிடந்தது.

அவர் தம் கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடியில் தோல் மரப்பட்டைபோற் காய்த்திருந்தது. "ஒரு வேளைச் சோத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கணும். என் மகளும் இதோட கிடந்தா, பள்ளிக்கூடம் போகலே. மெஷினு வந்தப்புறம் பேத்தி போறா" என்றார். யான் வாய் திறந்திலேன். என் பரிசுரையில் இக்கை இடம்பெறவில்லை.

மறுநாள் அரைவை நிலையத்துக்குச் சென்றோம். அங்குள்ள இயந்திரம் தானியத்தை விரைந்து சுழற்றிச் சுவரில் மோதச் செய்கின்றது. மோதலில் உமி பிளக்கின்றது. காற்று உமியைப் பிரிக்கின்றது. திரிகை, உலக்கை, முறம் ஆகிய மூன்றன் தொழிலையும் ஒன்றே செய்து முடிக்கின்றது. ஆயினும், அரிசி வெண்மையாக வேண்டுமென்று மேலும் தீட்டினால் தவிடும் அதன் சத்தும் போய்விடும். எவ்வளவில் நிறுத்துவது என்னும் அறிவு இயந்திரத்திடம் இல்லை. அஃது இன்னும் ஆளிடமே இருக்கின்றது.

நிற்க. பொருள் செய்யும் முறையின் வரலாறு முழுவதும் இவ்வாறே நடந்துவந்துள்ளது. இங்கிலாந்தில் ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் நூற்பொறிக்கும், ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றது 1769ஆம் ஆண்டிலேயாம். அதன்பின் தொழில் வீட்டைவிட்டு ஆலைக்குச் சென்றது. 1913இல் ஹென்றி போர்டின் தொழிற்சாலையில், ஆள் நிற்க வேலை அவனிடம் நகர்ந்துவரும் முறை அமைந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை ஏறத்தாழ ஒன்றரை மணியில் முடிந்தது. பொருள் மலிந்தது, ஆனால் ஒருவன் முழுப்பொருளையும் செய்யும் பெருமை மறைந்தது.

ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உளது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாகி 1986இல் திறந்துவைக்கப்பெற்றது. அதனை முயன்று தொடங்கிய பாப்பு அவர்கள் 1982இலேயே மறைந்தமையால் அதன் நிறைவைக் கண்டாரில்லை. இத்தகைய பேராடி மயிரிழையின் நூற்றிலொரு பங்கு பிழையையும் பொறாது. எனினும், அதனை உருவாக்கும் முறையோ பொடியிட்டுத் தேய்த்தலும் அளத்தலும் மீண்டும் தேய்த்தலுமே. பாட்டியாரின் உரலுக்கும் அந்த ஆடிக்கும் பொதுவாவது பொறுமை ஒன்றே என்று எனக்குத் தோன்றியது.

மலையிறங்கி ஆம்பூரில் என் வீட்டை அடைந்தேன். என் அன்னையார் அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். என் கல்லூரிச் சம்பளம் அக்கையின் ஊதியமே. எங்கள் பக்கத்தில் முன்னாளில் ஆவாரம்பட்டையிட்டு வாரக்கணக்கிற் பதப்படுத்திய தோலைக் குரோமிய உப்பு சில நாள்களில் பதப்படுத்திவிடுகின்றது. தோற்சாலைக் கழிவாற் பாலாறு கெட்டதும், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தனவே.

அன்றிரவு, பத்தொன்பது ஆண்டுகளாகக் கேளாத ஒன்றைக் கேட்டேன்: "நாள் முழுதும் என்னம்மா தைக்கிறாய்?"

"மேல்தோல்ல ஒரே ஒரு வரித் தையல்டா. அதையே சாயங்காலம் வரைக்கும். ஒருநாள் முழு ஜோடு முடிஞ்சு வந்ததைப் பார்த்தேன், ரொம்ப அழகா இருந்துச்சு" என்றார்.

அச்சொல் கேட்டு என் கண் கலங்கிற்று. இயந்திரத்தை வைவதும் எளிது, வாழ்த்துவதும் எளிது. மலையில் அஃது ஒரு சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பிற்று. இங்கே என் அன்னையாரை ஒரு வரித் தையலில் நிறுத்தி, அதே ஊதியத்தால் என்னையும் கல்லூரிக்கு அனுப்பிற்று. ஆகலின், நாம் கேட்கவேண்டிய வினா வேறு: இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்கு உரியதாகின்றது? உழைத்த கைக்கே அதில் ஒரு பங்கு சேருமாயின் அம்முறை நன்று. சேராதாயின் உரலாயினும் ஆலையாயினும் ஒன்றே.

மன்றத்தில் மீண்டும் பேச வாய்ப்புக் கிட்டுமாயின், இதனையே பேசுவேன். பரிசு கிட்டாது போகலாம். முன்வரிசையில் என் அன்னையார் அமர்ந்து கேட்பாராயின் அதுவே போதும்.